இச்சிஜோதானி: யப்பானிய மத்தியகாலக் கோட்டை நகர் ஒன்றின் வரலாறும் எச்சங்களும்

தோல்வியுற்றோரின் வரலாறு பெரும்பாலும் வெற்றி பெற்றோரின் ஏடுகளிலேயே எஞ்சுகின்றது. அவ்வேடுகள் தோல்வியுற்றோரின் இறுதி நாட்களை விரிவாகவும் அவற்றுக்கு முந்திய நீண்ட காலத்தைச் சுருக்கமாகவும் கூறும் இயல்பின. இதன் விளைவாக, ஓர் அரசின் முடிவே அவ்வரசின் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. வீழ்ந்தவன் வீழ வேண்டியவனாகவே இருந்தான் என்ற எண்ணம் வரலாற்று முடிபாகவே நிலைத்துவிடுகின்றது. யப்பானிய மத்தியகால வரலாற்றில் அசக்குரா குலத்தினருக்கும் அவர்களின் கோட்டை நகரான இச்சிஜோதானிக்கும் நேர்ந்தது இதுவேயாகும். 1573ஆம் ஆண்டில் ஓடா நொபுனாகாவின் படைகளால் மூன்று நாட்கள் எரிக்கப்பட்ட நகரம் என்பதே அதனைப் பற்றி நெடுங்காலம் நிலவிய செய்தியாகும். ஆனால் 1967ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்துவரும் அகழ்வாராய்ச்சிகள் அம்மூன்று நாட்களுக்கு முந்திய நூறாண்டு வாழ்வை வெளிக்கொணர்ந்துள்ளன. அவ்வாழ்வின் தன்மை யாது, அது ஏன் வீழ்ந்தது, வீழ்ந்தபின் எவ்வாறு மண்ணில் எஞ்சியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் அரணும்

இச்சிஜோதானி, முன்னர் எச்சிசென் என வழங்கிய மாகாணத்தில், இன்றைய புக்குயி நகரின் மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த ஒடுங்கிய பள்ளத்தாக்காகும். 'தானி' என்பது யப்பானிய மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும். இதன் நடுவே ஓடும் சிற்றாறு வடக்கு நோக்கிச் சென்று அசுவா ஆற்றுடன் கலக்கின்றது. கிழக்கிலும் மேற்கிலும் மலைகள் அரணாய் நிற்க, வடக்கிலும் தெற்கிலும் பள்ளத்தாக்கு ஒடுங்கும் இரு இடங்களில் மண் அரண்களும் வாயில்களும் அமைக்கப்பட்டிருந்தன. இவை கீழ் வாயில், மேல் வாயில் எனப் பெயர் பெற்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1.7 கிலோமீற்றர் ஆகும். இவ்விடைவெளியிலேயே தலைவனின் மாளிகை, குடும்பத்தினரின் இல்லங்கள், வீரர் மனைகள், பௌத்த ஆலயங்கள், கைவினைஞர் தெருக்கள் ஆகியன செறிந்திருந்தன.

யப்பானியக் கோட்டை என்றவுடன் வெண்சுவர்களும் பல அடுக்குக் கூரைகளும் கொண்ட உயர்ந்த கோபுரமே பலரது மனக்கண்ணில் தோன்றும். அத்தகைய கோபுரக் கோட்டைகள் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கும் அதற்குப் பின்னருக்கும் உரியவை. அதற்கு முந்திய மத்தியகாலக் கோட்டை மலையை வெட்டியும் மண்ணைக் குவித்தும் ஆக்கப்பட்டதாகும். இச்சிஜோதானியில் மாளிகையின் பின்னே எழும் 473 மீற்றர் உயரமான மலையில் இத்தகைய கோட்டையின் எச்சங்களைக் காணலாம். மலையுச்சி சமதளங்களாக வெட்டப்பட்டுள்ளது. சரிவுகளில் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 140 அகழிகள் வரிவரியாகத் தோண்டப்பட்டுள்ளன. ஏறிவரும் பகைவர் பக்கவாட்டில் நகர்ந்து பரவ முடியாதவாறு தடுப்பதே இவ்வகழிகளின் பயனாகும். அமைதிக் காலத்தில் கீழே வாழ்ந்து, ஆபத்து வரின் மேலே ஏறிப் போரிடுவதே இக்கோட்டை அமைப்பின் அடிப்படைக் கருத்தாகும்.

அசக்குரா குலத்தின் எழுச்சி

அசக்குரா குலத்தினர் எச்சிசென் மாகாணத்தின் பழங்குடியினர் அல்லர். மேற்கே தஜிமா மாகாணத்தைச் சேர்ந்த இவர்கள், 14ஆம் நூற்றாண்டில் ஷிபா குலத்தின் பணியாளராக எச்சிசெனுக்கு வந்தனர். அசிக்காகா சோகுன்களின் ஆட்சியில் ஷிபா குலத்தினர் எச்சிசென், ஓவாரி முதலிய மாகாணங்களின் காவலர்களாக விளங்கினர். கியோத்தோவில் தங்கியிருந்த அவர்களின் சார்பில் மாகாணங்களை நிர்வகித்தோர் அவர்களது பணியாளர்களேயாவர். எச்சிசெனில் அசக்குரா குலமும் ஓவாரியில் ஓடா குலமும் இவ்வகையிலேயே வளர்ந்தன. பின்னர் ஒன்றையொன்று அழிக்க முற்பட்ட இரு குலங்களும் ஒரே எசமானிடம் பணிபுரிந்தவை என்பதும், ஓடா குலத்தின் பூர்வீகமே எச்சிசென் மாகாணத்தில் இருந்தது என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கன.

1467இல் தொடங்கி 1477 வரை நீடித்த ஓனின் போர், தலைநகரான கியோத்தோவைச் சாம்பலாக்கியதோடு சோகுனின் அதிகாரத்தையும் வெறும் பெயரளவினதாக்கியது. இப்போரில் முதலில் மேற்கணியில் நின்ற அசக்குரா தக்ககாகே, 1471இல் கீழணிக்கு மாறினான். எச்சிசென் மாகாணத்தின் அதிகாரம் அவனுக்கு அளிக்கப்படும் என்ற வாக்குறுதியே இம்மாற்றத்தின் காரணமாகும். இவ்வாறு பணியாளன் எசமானின் இடத்தைக் கைப்பற்றினான். கீழோர் மேலோரை வெல்லும் இப்போக்கு அக்கால யப்பானின் பொது இயல்பாக அமைந்தது. அதன் மூலம் எழுந்த மாகாணத் தலைவர்களே போரிடும் நாடுகளின் காலத்துத் தைமியோக்கள் ஆவர்.

தக்ககாகே 1471இலேயே இச்சிஜோதானிக்குக் குடியேறினான் என்பது மரபுவழிக் கூற்று. அதற்கு முன்னரே அக்குலத்தினர் அப்பள்ளத்தாக்கில் தளம் கொண்டிருந்தனர் எனப் பிற்கால ஆய்வாளர் கருதுவர். எவ்வாறாயினும், 1471 முதல் 1573 வரை தக்ககாகே, உஜிகாகே, சதகாகே, கொள்ளுப்பாட்டனின் பெயரையே தாங்கிய இரண்டாம் தக்ககாகே, யொஷிகாகே என ஐந்து தலைமுறையினர் அங்கிருந்து எச்சிசெனை ஆண்டனர். யப்பானியர் எண்ணும் முறைப்படி இது 103 ஆண்டுகளாகும். மாகாணங்கள் ஒன்றையொன்று விழுங்கிய ஒரு காலத்தில் ஒரே குலம் ஒரே இடத்திலிருந்து நூறாண்டு ஆண்டது சிறிய செய்தியன்று.

அந்நூறாண்டு அமைதியாகவே கழிந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். 1471இல் துறவி ரென்யோ எச்சிசெனின் வட எல்லையிலுள்ள யொஷிசாக்கியில் ஓர் ஆலயத்தை நிறுவினார். தூய நிலப் பௌத்தத்தைப் பின்பற்றிய விவசாயிகளும் சிறு நிலவுடைமையாளரும் அவரைச் சூழ்ந்து திரண்டனர். 1488இல் அவர்கள் அண்டை மாகாணமான காகாவின் காவலனை வீழ்த்தி அங்குத் தம் ஆதிக்கத்தை நிலைநாட்டினர். 1506இல் அவ்வியக்கம் எச்சிசெனுட் புகுந்தபோது, அசக்குரா சோதெக்கி குசுரியூ ஆற்றங்கரையில் அதனை முறியடித்தான். யொஷிசாக்கி ஆலயமும் அதன்பின் அழிக்கப்பட்டது. இச்சிஜோதானியின் செழிப்பு, வயலில் உழைத்தோரின் எழுச்சியை ஒடுக்கியதன் மேலும் எழுந்தது என்பதை மறந்துவிடலாகாது.

சட்டமும் நடைமுறையும்

தக்ககாகேயின் பெயரால் வழங்கும் விதித்தொகுப்பு ஒன்று யப்பானிய வரலாற்று மாணவரிடையே புகழ்பெற்றதாகும். பிற்காலப் பிரதிகளில் கிடைக்கும் அத்தொகுப்பு, தலைமுறை உரிமையை மட்டும் நோக்கிப் பதவி வழங்காது திறமையை நோக்கி வழங்க வேண்டும் என்கின்றது. பெரும்பொருள் கொடுத்து ஒரு சிறந்த வாளை வாங்குவதினும் அப்பொருளுக்கு நூறு ஈட்டிகளை வாங்கி நூறு பேருக்குக் கொடுப்பது மேல் என்ற கருத்தும் அதில் உண்டு. எனினும் வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது கோட்டைகள் பற்றிய விதியாகும். அசக்குரா குலத்தின் கோட்டையைத் தவிர மாகாணத்தில் வேறு கோட்டை இருத்தலாகாது. பெரும் நிலமுடையோர் யாவரும் இச்சிஜோதானிக்கு வந்து குடியிருத்தல் வேண்டும். கிராமங்களில் அவர்களின் முகவர் மட்டுமே தங்கலாம் என்பது அதன் சாரம்.

இவ்விதி, வீரர்களை நிலத்திலிருந்து பிரித்துக் கோட்டை நகரில் குவிக்கும் பிற்கால யப்பானிய அமைப்பின் முன்னோடி எனப் போற்றப்படுவதுண்டு. பள்ளத்தாக்கில் வெளிப்பட்ட வீரர் மனைகள் இக்கூற்றுக்கு ஓரளவு ஆதாரம் தருகின்றன. ஆனால் மாகாணம் முழுவதையும் நோக்குமிடத்து நிலைமை வேறாகத் தோன்றுகின்றது. துறைமுகமான சுருகாவிலும் கிழக்கு மலைநாடான ஓனோவிலும் அசக்குரா குலக்கிளையினர் தத்தம் தளங்களைக் கொண்டு அதிகாரம் செலுத்தினர். சட்டம் ஒரு கோட்டையைப் பற்றிப் பேசிற்று. நடைமுறையில் பல தளங்கள் இருந்தன. விதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்விடைவெளியே பின்னர் இக்குலத்தின் முடிவைத் தீர்மானித்தது.

பள்ளத்தாக்கில் ஒரு தலைநகர்

ஓனின் போரினால் கியோத்தோவை விட்டு வெளியேறிய பிரபுக்களும் புலவரும் துறவியரும் மாகாணத் தலைவர்களின் ஆதரவை நாடினர். அவ்வாறு இச்சிஜோதானிக்கு வந்தோருள் கன்பூசிய அறிஞரான கியோஹாரா நொபுகத்தா குறிப்பிடத்தக்கவர். அவர் 1550இல் அங்கேயே காலமானார். மருத்துவரான தானினோ இப்பக்குவின் முயற்சியால் 1536இல் சீன மருத்துவ நூல் ஒன்று இச்சிஜோதானியில் அச்சிடப்பட்டது. யப்பானில் அச்சேறிய மிகப் பழைய மருத்துவ நூல்களுள் இதுவும் ஒன்றாகும். மலைகளுக்கிடையே அமைந்த ஒரு மாகாண நகரில் இத்தகைய நூல் அச்சேறியமை, அந்நகர் கியோத்தோவின் வெறும் நிழலாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது.

1567இல் இந்நகரின் மதிப்பு உச்சத்தை எட்டியது எனலாம். கொல்லப்பட்ட சோகுனின் தம்பியான அசிக்காகா யொஷியாக்கி, தனக்குச் சோகுன் பதவியைப் பெற்றுத்தரும் வலிமையுள்ள தலைவனைத் தேடி அவ்வாண்டு இச்சிஜோதானியை அடைந்தான். ஐந்தாம் தலைவனான யொஷிகாகே அவனைச் சிறப்புடன் வரவேற்றான். ஆனால் அவனுடன் கியோத்தோ நோக்கிப் படைகொண்டு புறப்படவில்லை. 1568இல் யொஷியாக்கி பள்ளத்தாக்கை விட்டு நீங்கி நொபுனாகாவைச் சார்ந்தான். அவ்வாண்டிலேயே நொபுனாகா அவனுடன் கியோத்தோவுக்குட் புகுந்தான். வாய்ப்பைத் தவறவிட்டவன் என்ற பழி யொஷிகாகே மீது சுமத்தப்பட்டது இதிலிருந்தேயாகும்.

வீழ்ச்சி

1570இல் நொபுனாகா எச்சிசென் மீது படையெடுத்துச் சுருகாவின் கோட்டைகளைக் கைப்பற்றினான். அவனது மைத்துனனான அசாய் நாகமசா அசக்குராவின் பக்கம் சேர்ந்தமையால் அவன் பின்வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு அனேகாவாவில் நிகழ்ந்த போரில் அசக்குரா–அசாய் படைகள் தோல்வியுற்றன. ஆயினும் போர் மேலும் மூன்றாண்டுகள் நீடித்தது. 1573இல் நொபுனாகா அசாய் குலத்தின் ஓதானிக் கோட்டையை முற்றுகையிட்டபோது யொஷிகாகே துணைக்குச் சென்றான். ஓயாத போரினால் களைத்திருந்த முக்கிய உறவினரும் தளபதியரும் சிலர் அவனுடன் செல்ல மறுத்தனர். பின்வாங்கிய அவனது படையைத் தொனேசக்கா கணவாயில் நொபுனாகாவின் படை துரத்தி அழித்தது.

சிதறிய சிலருடன் யொஷிகாகே இச்சிஜோதானியை அடைந்தான். அவனது தலைமுறைகள் வெட்டிய அகழிகள் மலையில் ஆயத்தமாக இருந்தன; அவற்றைக் காக்க ஆட்கள் இல்லை. எனவே அவன் நகரைக் கைவிட்டு, உறவினனான அசக்குரா காகேயாக்கிராவை நம்பி ஓனோவுக்குச் சென்றான். அங்கே காகேயாக்கிரா அவனைச் சூழ்ந்துகொண்டமையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இதற்கிடையில் இச்சிஜோதானிக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று பகலும் மூன்று இரவும் நகர் எரிந்தது என்பர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இச்சிஜோதானிக் கோட்டை வலிமையற்றதா? அதற்கு விடையே இல்லை; ஏனெனில் 1573இல் அக்கோட்டை சோதிக்கப்படவே இல்லை. அதனை எவரும் முற்றுகையிடவில்லை. சரிவகழிகளில் எப்படையும் ஏறித் தடுமாறவில்லை. அரண்கள் இடிவதற்கு முன்னரே அவற்றைக் காக்க வேண்டிய உறவுகள் இடிந்துவிட்டன. சட்டம் தடுத்திருக்க வேண்டிய தனித் தளமான ஓனோவிலேயே தலைவன் மாண்டான் என்பது ஊன்றி நோக்கற்பாலது. யொஷிகாகே கலையை விரும்பியதால் வீழ்ந்தான் என்னும் பொதுக் கருத்து, இவ்வமைப்புக் குறைபாட்டை ஒரு தனிமனிதனின் குணக்குறைபாடாகச் சுருக்கிவிடுகின்றது.

நொபுனாகாவின் வரலாற்றை எழுதிய ஓத்தா கியூயிச்சியின் நூலில், 1574ஆம் ஆண்டுப் புத்தாண்டு விருந்தில் யொஷிகாகே, அசாய் நாகமசா, அவன் தந்தை ஆகிய மூவரின் மண்டையோடுகள் பொன் பூசி வைக்கப்பட்ட செய்தி இடம்பெறுகின்றது. வென்றோரின் ஏடுகளில் தோற்றோருக்குரிய இடம் யாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மறதியும் மீட்பும்

வெற்றியின் பின் எச்சிசெனின் நிர்வாகம், அசக்குராவை விட்டு நொபுனாகாவுடன் சேர்ந்த மயேபா யொஷித்சுகுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1574இல் எழுந்த கிளர்ச்சியில் அவன் கொல்லப்பட்டான். மாகாணம் தூய நிலப் பௌத்த இயக்கத்தின் வசமாகியது. 1575இல் நொபுனாகா பெரும்படையுடன் மீண்டும் வந்து அவ்வியக்கத்தைக் கொடூரமாக அழித்தான். பின்னர் மாகாணத்தைப் பெற்ற ஷிபாத்தா கத்சுயியே, ஒடுங்கிய பள்ளத்தாக்கை விடுத்து, ஆறும் பெருவழியும் சந்திக்கும் சமவெளியில் கித்தானோஷோக் கோட்டையை எழுப்பினான். வணிகரும் ஆலயங்களும் அங்கு பெயர்ந்தன. அதுவே இன்றைய புக்குயி நகரின் தொடக்கமாகும்.

கத்சுயியேயின் இத்தேர்வே இச்சிஜோதானியைக் காத்தது எனின் அது மிகையாகாது. யப்பானின் பெரும்பாலான கோட்டை நகரங்கள் வெற்றி பெற்றவை. ஆதலின் அவை தொடர்ந்து வாழ்ந்தன. தொடர்ந்து வாழ்ந்தமையால் ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையின் தடத்தை அழித்து அதன் மேற் கட்டியது. கித்தானோஷோ இன்று ஒரு நவீன நகரின் அடியிற் கிடக்கின்றது. நொபுனாகா 1576இல் கட்டத் தொடங்கிய அசுச்சிக் கோட்டையின் கோபுரமோ, இச்சிஜோதானி எரிந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1582இல், தானும் எரிந்தது. இச்சிஜோதானியிலோ சாம்பலின் மேல் மண் படிந்தது. மண்ணின் மேல் நெல் விளைந்தது. நெல்வயலுக்கு ஆழமான அத்திவாரம் வேண்டியதில்லை. எனவே கீழே தெருக்களும் கிணறுகளும் வீட்டுத் தளக்கற்களும் தத்தம் இடத்திலேயே கிடந்தன.

1930இல் தோட்டங்களும் மலைக்கோட்டையும் வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் வயல்களின் கீழ் ஒரு முழு நகரம் கிடப்பது 1967இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சியினாலேயே தெளிவாகியது. 1971இல் மலைகளையும் உள்ளடக்கிய 278 ஹெக்டேயர் பரப்பு விசேட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு மாளிகையையோ ஒரு கோபுரத்தையோ தனியாகப் பாதுகாக்கும் வழக்கம் மேலோங்கியிருந்த நிலையில், ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சான்றாகக் கருதிக் காத்தமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். 1991இல் நான்கு தோட்டங்கள் விசேட இயற்கையழகுச் சின்னமாகவும், 2007இல் 2,343 அகழ்வுப் பொருள்கள் முக்கிய பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்டன. 2022இல் புதிய நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட கல் பாவிய தளம், ஆற்றுத் துறையோடு தொடர்புடையதாகலாம் எனக் கருதப்பட்டு, கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

மண் கூறும் செய்திகள்

தலைவனின் மாளிகை ஏறத்தாழ 6,500 சதுர மீற்றர் பரப்பில், மூன்று புறம் மண் அரணும் அகழியும் சூழ, நான்காம் புறம் மலையைச் சார்ந்து அமைந்திருந்தது. பத்துக்கு மேற்பட்ட கட்டடங்களின் தளக்கற்களும், தோட்டமும், மலர்ப்பாத்தி ஒன்றின் எச்சமும் அங்கு வெளிப்பட்டன. அருகிலுள்ள சுவா மாளிகைத் தோட்டத்தில் நான்கு மீற்றருக்கு மேல் உயர்ந்த பாறையொன்று நீர்வீழ்ச்சிக்குப் பக்கத் துணையாக நிறுத்தப்பட்டுள்ளது. வடக்கே கீழ் வாயிலில் 40 தொன்னுக்கு மேல் நிறை கொண்ட கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. பகைவரைத் தடுப்பதற்கு இத்துணைப் பெரிய கற்கள் தேவையில்லை. நகருட் புகுவோருக்குத் தலைவனின் ஆற்றலை உணர்த்துவதே அவற்றின் முதற் பயனாகலாம்.

ஆயினும் அகழ்வாராய்ச்சியின் பெரும்பேறு தலைவனைப் பற்றியதன்று. தெருக்களில் வாழ்ந்தோரைப் பற்றியதாகும். தெருக்கள் ஏறத்தாழ 30 மீற்றர் என்ற அலகினை அடிப்படையாகக் கொண்டு அளந்து வகுக்கப்பட்டிருந்தன. நகர் தானாகப் பெருகியதன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்பதற்கு இது சான்றாகும். மண்சுவர் சூழ்ந்த அகன்ற வீரர் மனைகளும், தெருவை நோக்கி நெருங்கி நின்ற ஒடுங்கிய கைவினைஞர் வீடுகளும் வேறுபடுத்தி அறியப்பட்டுள்ளன. சிறு வீடுகளிலும் கல் கட்டிய கிணறுகள் இருந்தன. நீண்டகாலம் பயன் தெரியாதிருந்த கல் பதித்த குழிகள் மலசலகூடங்கள் என்பது, அவற்றுள் ஒன்றிலிருந்து கிடைத்த மரத் தடுப்புப் பலகையினால் உறுதியாயிற்று. வரிசையாகப் புதைக்கப்பட்ட பெரிய எச்சிசென் தாழிகள், உலோக வேலை, செபமாலை மணி, கண்ணாடி மணி ஆகியவற்றின் உற்பத்திக் கழிவுகள் முதலியன பல்வேறு தொழில்கள் அங்கு நிலவியதை உணர்த்துகின்றன.

சீனப் பீங்கான்கள் மாளிகையில் மட்டுமன்றிச் சாதாரண வீடுகளிலும் கிடைத்துள்ளன. தூரக் கடல் வாணிபத்தின் பயன் ஆளும் குலத்தின் எல்லையைத் தாண்டிப் பரவியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். துப்பாக்கியின் பித்தளை உறுப்புகளும் ஈயக் குண்டுகளும் கிடைத்துள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1543இல் யப்பானின் தனேகஷிமா தீவை அடைந்தபோது அங்கு அறிமுகமான கருவியே இது. முப்பதாண்டுகளுக்குள் அது மலைகளுக்கிடைப்பட்ட இப்பள்ளத்தாக்கினுள்ளும் புகுந்துவிட்டது. யொஷிகாகேயின் நகர் காலத்திற்குப் பின்தங்கியிருந்தது என்ற கூற்றை இது மறுக்கின்றது.

மாளிகையின் முன்னுள்ள அகழியின் ஈரச் சேற்றில் ஷோகி எனப்படும் யப்பானியச் சதுரங்கத்தின் 170க்கு மேற்பட்ட மரக்காய்கள் கிடைத்தன. அவற்றுள் 'மதுவுண்ட யானை' என்ற காய் ஒன்றும் இருந்தது. இன்றைய ஷோகி ஆட்டத்தில் அக்காய் இல்லை. ஆட்டத்தின் விதிகள் மாறிக்கொண்டிருந்த ஒரு கட்டத்தை அது காட்டுவதால் விளையாட்டின் வரலாற்றுக்கும் பயன் தருகின்றது. இதனினும் நெஞ்சைத் தொடுவது மருத்துவர் ஒருவரது எனக் கருதப்படும் வீட்டில் கிடைத்த சான்றாகும். அங்கு கருகிய தாள் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் எழுத்துக்களை வாசித்தபோது அவை சீன மூலிகை மருத்துவ நூலொன்றின் பகுதிகள் எனத் தெரியவந்தது. மண்ணிற் புதைந்த தாள் இயல்பாக மக்கி மறைந்துவிடும். இத்தாள்களோ கருகியமையால் மக்காது நின்றன. நகரை அழித்த தீயே அந்நூலின் சான்றைக் காத்தது. 1536இல் மருத்துவ நூல் அச்சிட்ட நகரில், அது எரிந்த நாள் வரை ஒரு மருத்துவர் நூலைக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதனை வெற்றியாளரின் எந்த ஏடும் கூறவில்லை.

எச்சங்களை வாசிக்கும் முறை

இச்சிஜோதானியின் அடையாளமாக இன்று பலரும் அறிந்தது மாளிகைத் தளத்தின் முன் தனித்து நிற்கும் வளைகூரை வாயிலாகும். ஆனால் அது அசக்குரா காலத்ததன்று. யொஷிகாகேயின் நினைவாக எழுந்த ஆலயத்தின் வாயிலான அது, தொயோத்தோமி ஹிதேயோஷியின் கொடை என மரபு கூறும். இன்று நிற்பது எதோ காலத்தில் மீளக் கட்டப்பட்டதாகும். அவ்வாறே, 1995 முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான மீளமைப்புத் தெருவில், தளக்கற்களும் கிணறுகளும் வடிகால்களும் கிடைத்த சான்றின் வழிப்பட்டவை. சுவர்களும் கூரைகளும் ஓவியங்களையும் எஞ்சிய பழங்கட்டடங்களையும் துணைக்கொண்ட ஊகத்தின் வழிப்பட்டவை. ஆய்வாளரின் கடமை இவ்விரண்டையும் பிரித்துணர்வதாகும். காண்போரின் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது பெரும்பாலும் பிற்காலத்ததாக இருக்க, உண்மையான சான்று அதன் காலடியில் தாழ்ந்து கிடக்கின்றது.

மண்ணும் எல்லாவற்றையும் கூறிவிடுவதில்லை. வாயில்களுக்குள் வாழ்ந்தோரின் பொருள்கள் கிடைத்தன. வாயில்களுக்கு வெளியே நின்று அந்நகருக்கு நெல் விளைவித்தோரின் வாழ்வு அத்துணைத் தெளிவாக வெளிப்படவில்லை. பள்ளத்தாக்கெங்கும் பரந்து கிடக்கும் 3,000க்கு மேற்பட்ட கற் புத்தர் உருவங்களும் சிறு தூபிகளும் இறந்தோரின் நினைவாக நிறுவப்பட்டவை. அசுவா மலையில் வெட்டிய நீலச்சாயலுடைய எரிமலைச் சாம்பற் பாறையில் அவை செதுக்கப்பட்டுள்ளன. தலைவர்களின் பெயர்களை மட்டும் அறிந்த வரலாற்றுக்கு, இப்பெருந்தொகையான நினைவுக் கற்கள் அந்நகரின் சாதாரண மக்களும் தம் இறந்தோரை மறவாது வாழ்ந்தனர் என்பதை நினைவூட்டுகின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கோட்டை என்பது கல்லாலும் மண்ணாலும் மட்டும் ஆனதன்று. அதனைக் காக்க முன்வருவோரின் உறவுகளாலும் ஆனதாகும். அசக்குரா குலத்தின் அகழிகள் இன்றும் மலைச்சரிவில் அழியாதுள்ளன. அக்குலத்தைத் தாங்க வேண்டிய உடன்பாடுகளே 1573இல் அழிந்தன. இரண்டாவது, ஒரு சமுதாயத்தை அதன் இறுதி நாட்களைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. மூன்று நாட் தீயைப் பற்றி ஏடுகள் பேசின. நூறாண்டுக் கிணறுகளையும் தெருக்களையும் தொழில்களையும் பற்றி மண் பேசிற்று. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே இச்சிஜோதானியின் வரலாறு முழுமை பெறுகின்றது.

வரலாற்று மாணவர் எரிந்த நகரங்களை அணுகும்போது யார் எரித்தார், ஏன் எரித்தார் என்று மட்டும் வினவுதல் போதாது. எரிவதற்கு முந்திய நாள் அங்கு யார் கிணற்றில் நீர் இறைத்தார், யார் சாயம் தோய்த்தார், யார் நூல் வாசித்தார் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தரும் சான்றுகள் எங்கே மண்ணில் உறங்குகின்றனவோ அங்கே அவற்றைக் கலையாது காத்தல் வரலாற்றை எழுதுவதற்கு முற்பட்ட கடமையாகும். இச்சிஜோதானி உணர்த்தும் பாடம் இதுவேயாம்.